நடைபாதையில் யாருக்கு என்ன உரிமை?

கடைவீதியில் ஆக்கிரமிப்பு அகற்ற மாநகராட்சி வண்டி வந்து நின்றால், தெருவே இரண்டுபட்டுப் போகிறது. "ஏழை வயிற்றில் அடிக்கிறார்கள்" என்று ஒரு பக்கம் குமுறுகிறது. "இனியாவது நடக்க முடியும்" என்று மறுபக்கம் நிம்மதி அடைகிறது. இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நம் மஹல்லாக்களில் தள்ளுவண்டியையும் தரைக்கடையையும் நம்பி வாழும் குடும்பங்கள் பல. அதே மஹல்லாவின் முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான் நடைபாதையில் இடமில்லாமல் வாகனங்களுக்கு நடுவே நடக்கிறார்கள். எனவே யாருக்கு எந்த உரிமை உண்டு என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம்.

நடப்பவரின் உரிமை

நடைபாதை முதலில் நடப்பவருக்கே உரியது. பாதுகாப்பான நடைபாதை, அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்த வழிகாட்டுதல்படி, எந்தத் தடையும் இல்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் கடந்து செல்லத் தேவையான இடம் அது. தலைக்கு மேலே 2.2 மீட்டர் வரை பெயர்ப்பலகையோ கம்பியோ குறுக்கிடக் கூடாது.

வியாபாரியின் உரிமை

தெருவோர வியாபாரியைச் சட்டம் கைவிட்டுவிடவில்லை. 1985இல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்புக்கான உரிமை வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடைபாதையைச் சொந்தமாக்கிக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது.

பின்னர் 2014இல் தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு நகரத்திலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு நடத்தி, தகுதியுள்ளோருக்கு விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை இருப்பவர்களை வெளியேற்றக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்.

பொருளைப் பறிமுதல் செய்தால் அதன் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். உரிய கட்டணம் செலுத்தித் திரும்பக் கேட்டால், பழம், மீன் போன்ற அழுகும் பொருளை அன்றே தர வேண்டும்; மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். சான்றிதழ் பெற்றவர் இறந்துவிட்டால், அவருடைய மனைவியோ அவரைச் சார்ந்திருந்த பிள்ளையோ அந்த இடத்தில் தொடரலாம். ஆனால் அந்த இடத்தை வேறு ஒருவருக்கு வாடகைக்கு விட முடியாது.

எவருக்கும் இல்லாத உரிமை

சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர் படியையும் ஜெனரேட்டரையும் விளம்பரப் பலகையையும் நடைபாதைக்கு நீட்டினால், இந்தச் சட்டத்தில் அவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. பேனரும் அப்படித்தான். உள்ளாட்சியின் அனுமதியில்லாமல் அதை வைக்க முடியாது. போக்குவரத்துக் குறியீட்டை மறைக்கும் விளம்பரத்தை அகற்ற 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 116ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது.

இதன் விபரீதத்தை நாம் கண்ணால் பார்த்தோம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், ஒரு திருமணத்துக்காகச் சாலைத் தடுப்பில் வைத்திருந்த பேனர், இருசக்கர வாகனத்தில் சென்ற 23 வயதுப் பெண்ணின் மீது விழுந்தது. நிலைதடுமாறிச் சாலையில் விழுந்த அவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. ஒரு வீட்டின் மகிழ்ச்சிக்கு வைத்த பேனர் இன்னொரு வீட்டில் மையித்தைக் கொண்டுவந்து இறக்கியது.

பொதுத் தெருவில் கோயில், மசூதி, தேவாலயம், குருத்வாரா என எந்தப் பெயரிலும் புதிதாக அனுமதியற்ற கட்டுமானம் எழுப்பக் கூடாது என்று 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வழிக்கும் ஹக் உண்டு

பாதைகளில் அமர்வதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, தங்களுக்கு அங்கே அமர்வதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள் தோழர்கள். அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்ற கருத்தில் பதிலளித்தார்கள் நபியவர்கள். பார்வையைத் தாழ்த்துவதும், பிறருக்குத் தொல்லை தராமல் இருப்பதும், ஸலாமுக்குப் பதில் சொல்வதும் அதில் அடங்கும். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்தச் சம்பவம் பதிவாகியுள்ளது. தேவையுள்ளவருக்கு இடம் உண்டு, கடந்து செல்பவருக்குத் தொல்லை கூடாது என்ற இரண்டும் இதில் சேர்ந்தே நிற்கின்றன. 2014 சட்டம் தேடும் சமநிலையும் இதுதான்.

நாம் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவின் தெருவோர வியாபாரிகள் யார் யார் என்று பட்டியல் எடுக்கலாம். கணக்கெடுப்பில் பெயர் சேர்ந்திருக்கிறதா, சான்றிதழ் வந்ததா என்று பார்த்து, விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கலாம். வண்டி வந்து நின்ற பிறகு கூட்டம் கூட்டுவதைவிட இது அந்தக் குடும்பங்களுக்கு அதிகம் உதவும்.

கடை வைத்திருக்கும் சகோதரர்கள் நீட்டிய படியைத் தாங்களே உள்ளே இழுத்துக்கொள்ளலாம். நிகாஹ் பேனரை மண்டபத்துக்குள் வைக்கலாம். ஜும்ஆவுக்கு வருவோரின் வாகனங்கள் நடைபாதையில் ஏறாமல் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு பள்ளிவாசலும் இரண்டு இளைஞர்களை நிறுத்தலாம். பாதையின் ஹக்கை நாம் கொடுத்திருந்தால்தான், நம் வியாபாரியின் ஹக்கைக் கேட்கும்போது நம் வார்த்தைக்கு மதிப்பு இருக்கும்.