சாய்வு நாற்காலியில் கரும்புள்ளி!

சிவகாசியில் மழை குறைவு, வெயில் அதிகம்.

தீப்பெட்டித் தொழில் இங்கே வேரூன்ற அதுவும் ஒரு காரணம். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்தார்கள். மருந்து தோய்த்த குச்சி காய வெயில் வேண்டுமே! அது இந்த ஊரில் தாராளமாகக் கிடைத்தது.

அப்படிப்பட்ட ஊரிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை உண்டு. திண்ணையிலும் மொட்டை மாடியிலும் கிடக்கும் சாய்வு நாற்காலி நனைந்து விடுகிறது. யாரோ அதை மடக்கி, ஈரத்தோடு மூலையில் சாத்துகிறார்கள். சில நாள் கழித்து விரித்துப் பார்த்தால், துணி முழுவதும் கரும்புள்ளி!

நூலைத் தின்னும் பூஞ்சணம்

"அழுக்குத்தானே!" என்று விட்டு விடாதீர்கள். அது பூஞ்சணம். காளான் இனத்தைச் சேர்ந்தது. அதன் நுண்ணிய வித்துக்கள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. ஈரமும் தீனியும் கிடைத்தால் முளைத்து விடும். நாற்காலித் துணியின் பருத்தி நூலே அதற்குத் தீனி. துணியில் ஊறிய வியர்வையும் எண்ணெயும் தொடுகறி!

நூல் அரித்துப் போனால் துணி வலுவிழக்கும். பார்த்தால் தெரியாது. தாத்தா சாய்ந்து உட்காருவார். 'சர்'ரென்று கிழியும். வயதான காலத்தில் இடுப்பு எலும்பு முறிந்தால் மீண்டும் நடமாடுவது எவ்வளவு கஷ்டம்!

ஆகவே, கறையை அப்புறம் பார்க்கலாம். முதலில் துணியின் பலத்தைப் பாருங்கள். துணியின் இரு முனை மடிப்பிலும் ஒரு கம்பு இருக்கும். அதை உருவினால் துணி தனியே வந்து விடும். கறை உள்ள இடத்தை இரு கையாலும் பிடித்துப் பலமாக இழுங்கள். இழை விட்டுப் போனால் வெளுப்பது வீண் வேலை. புதுத் துணி தைத்துப் போடுங்கள்.

வெளுக்கும் முறை

துணி உறுதியாக இருந்தால் நன்றாகக் காய வையுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் கறை பரவும். காய்ந்த பின் வெளியே கொண்டுபோய் பிரஷால் தேய்த்து உதறுங்கள். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக் கொள்ளுங்கள். இழுப்பு நோய் உள்ளவர்கள் பக்கத்தில் வரக் கூடாது.

பிறகு சோப்பு நீரில் ஊற வைத்துக் கசக்கி, உச்சி வெயிலில் இரு புறமும் காய விடுங்கள். புதுக் கறை பெரும்பாலும் இதிலேயே மங்கி விடும். மிச்சம் இருந்தால், எலுமிச்சம்பழச் சாற்றில் உப்புக் கலந்து தடவி, வெயிலில் போட்டு, நன்றாக அலசுங்கள்.

வெள்ளைத் துணிக்கு பிளீச்சிங் பவுடரும் உண்டு. ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். கட்டி ஒட்டினால் துணி பொத்தலாகும். பத்து நிமிஷம் ஊறிய பின் மூன்று, நான்கு தண்ணீரில் அலசுங்கள். வர்ணக் கோடு போட்ட துணிக்கு இது ஆகாது. கறையோடு கோடும் போய் விடும்!

பழைய கறை சிறிது தங்கத்தான் செய்யும். துணி பலமாக இருந்தால் புள்ளி இருந்து விட்டுப் போகட்டும். தாத்தாவுக்கு அது முதுகுக்குப் பின்னால்தானே!

விஷ வாயு!

கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22-ந் தேதி, பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மன் படை எதிரிகள் மீது ஏவிய விஷ வாயு இதுவே! நுரையீரலைப் புண்ணாக்கும். எலுமிச்சையும் புளிப்புத்தான். அதை அலசாமல் பவுடர் நீரில் போடக் கூடாது.

பவுடர் டப்பாவை மண்ணெண்ணெய் பக்கத்திலும் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும். மருந்தோடு பழகிய சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி தூறல் விழுந்ததும் நாற்காலியை உள்ளே எடுங்கள். நனைந்து விட்டால் மடக்காதீர்கள். விரித்தபடியே காற்றாட நிற்கட்டும்.