வாஃபிள் அச்சும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும்

அச்சு முறுக்கு சுடத் தெரிந்த கைகளுக்கு வாஃபிள் புதிய வித்தையன்று. நீண்ட கம்பியின் முனையிலுள்ள இரும்புப் பூவைக் காயும் எண்ணெயில் சூடேற்றி, மாவில் முக்கி, மீண்டும் எண்ணெயில் அமிழ்த்துகிறோம். இலங்கையில் இதே பண்டத்துக்குக் கொக்கிஸ் என்று பெயர். டச்சுக்காரர்களின் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வாஃபிள் என்னும் சொல்லும் டச்சு மொழி வழியே ஆங்கிலத்துக்குச் சென்றதுதான். முன்னது எண்ணெயில் பொரிகிறது. பின்னது கட்டம் கட்டமாகச் செதுக்கிய இரண்டு உலோகத் தட்டுகளுக்கிடையே வேகிறது.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக, நீண்ட கைப்பிடியுள்ள இடுக்கி போன்ற அச்சைத் திறந்த நெருப்பின்மேல் பிடித்தே இதனைச் சுட்டு வந்தனர். அமெரிக்காவின் டிராய் நகரத்தைச் சேர்ந்த கொர்னேலியஸ் ஸ்வார்ட்வவுட் என்பவர், அடுப்பின்மேல் வைத்துத் திருப்பிப் போடத்தக்க அச்சுக்கு 1869 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். மின்சார அச்சு வந்தது இருபதாம் நூற்றாண்டில். 1970களின் தொடக்கத்தில் பில் பவர்மன் என்ற ஓட்டப் பயிற்சியாளர், மனைவியின் வாஃபிள் அச்சில் ரப்பர் போன்ற ஒரு குழம்பை ஊற்றிக் காலணிக்கு அடிப்பாகம் செய்து பார்த்தார் என்பது தனிக் கதை. அச்சு பாழானது, காலணி உலகப் புகழ் பெற்றது. அந்த அம்மையாரின் பொறுமையை வியக்கத்தான் வேண்டும்!

இன்று இக்கருவி நம் இல்லங்களுக்கும் வந்துவிட்டது. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் உறவினர் அன்போடு கொண்டு வருகின்றனர். இரண்டு முறை மாவு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்ததும் கருவி பரணுக்குப் போய்விடுகிறது. பெரும்பாலும் பழுது கருவியில் இல்லை. சூட்டிலும் சீனியிலுமே இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த கருவியாயின், 110 முதல் 120 வோல்ட் வரைக்கு மட்டும் அமைந்ததா என்று அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் நேரே செருகினால் அது கருகிவிடும்.

மாவுக்கு மைதா 200 கிராம், பச்சரிசி மாவு 50 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சீனி 1 மேசைக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து சலித்துக்கொள்ளவும். இரண்டு முட்டையின் மஞ்சள் கருவோடு பால் 350 மில்லி, எண்ணெய் 75 மில்லி சேர்த்து அடித்து, மாவில் ஊற்றிக் கலக்கவும். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். அதிகம் கலக்கினால் வாஃபிள் தோல் போல் இழுபடும். வெள்ளைக் கருவைத் தனியே நுரை நிற்கும்வரை அடித்து, சுடுவதற்குச் சற்று முன்னர் மெதுவாகச் சேர்க்கவும். மொறுமொறுப்பைத் தருவது அரிசி மாவு, இலேசாக்குவது நுரை. மணத்துக்கு ஏலக்காய் போதும். வனிலா எஸன்ஸ்தான் வேண்டுமென்றால், அவற்றுள் பல ஆல்கஹாலில் கரைத்தவை என்பதால் புட்டியிலுள்ள சீட்டைப் படித்துவிட்டு வாங்கவும்.

இனிச் சூட்டுக்கு வருவோம். விளக்கு அணைந்து சூடு எட்டியதைக் காட்டிய பின்னும் இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். தட்டுகளில் எண்ணெயை மெல்லிதாகத் தடவுங்கள். வெண்ணெய் வேண்டாம், அதிலுள்ள பால் திரள் கருகி ஒட்டிக்கொள்ளும். மாவை நடுவில் ஊற்றி மூடியதும் ஓரங்களிலிருந்து ஆவி புகைபோல் வெளியேறும். மாவிலுள்ள நீர் வெளியேறுவதன் அடையாளம் அது. ஆவி நன்கு அடங்கும்வரை மூடியைத் தொடவே கூடாது. பெரும்பாலும் நான்கைந்து நிமிடமாகும். அவசரப்பட்டுத் திறந்தால் வேகாத நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து, பாதி மேல் தட்டோடும் பாதி கீழ்த் தட்டோடும் போய்விடும். எடுத்ததைத் தட்டில் அடுக்காமல் கம்பி வலைமீது வையுங்கள். தட்டில் வைத்தால் தன் ஆவியிலேயே நமுத்துப் போகும். 750 வாட் கருவி அரை மணி நேரம் ஓடினாலும் செலவாவது அரை யூனிட்டுக்கும் குறைவே.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துச் சகோதரிகளுக்கு இதில் தனி வசதி உண்டு. மேல்நாட்டார் இதன்மீது ஊற்றும் மேப்பிள் மரப்பாகைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாலையும் சீனியையும் மட்டுமே சுண்டக் காய்ச்சிக் கிண்டும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா கையெட்டும் தொலைவில் இருக்கிறது. 2019 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. இதனை மாவிலேயே கரைத்து விடலாமே என்று தோன்றும். கூடாது! சீனியும் பாலின் இனிப்பும் சூடான தட்டில் விரைவில் கருகும். வாஃபிள் வேகுமுன் அடியில் பிடித்துக்கொள்ளும். மூன்று மேசைக்கரண்டி பால்கோவாவை அரை டம்ளர் சூடான பாலில் கரைத்து, வெந்த வாஃபிளின்மேல் ஊற்றுங்கள். கட்டங்கள் அதனைத் தாங்கிக்கொள்ளும். கோடையில் ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்தை நறுக்கிச் சேர்த்தால் அந்தச் சுவைக்கு இணை வேறில்லை என்பேன். சிங்கப்பூரில் ரம்பை இலைச் சாறு கலந்த பச்சை நிற வாஃபிளில், தேங்காய்ப்பால், முட்டை, சீனி சேர்த்துக் கிண்டிய காயாவைத் தடவி உண்பர். அதுவும் நம் நாவுக்கு அந்நியமன்று.

இனிப்பு வேண்டாதோர் சீனியை நீக்கிவிட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தழையைப் பொடியாக அரிந்து மாவில் போடலாம். கோழிச் சால்னாவுடன் பரிமாறினால், குழம்பு கட்டங்களில் தேங்கி நிற்பதால் பரோட்டாவைக் காட்டிலும் இது பொருத்தமாகவே அமையும். நோன்பு திறக்கும் வேளைக்கு முன்கூட்டியே சுட்டு வைத்து, பரிமாறும்போது மீண்டும் ஒரு நிமிடம் அச்சில் வைத்தெடுத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். புளித்த தோசை மாவிலும் செய்யலாம். ஒரு கரண்டி எண்ணெய் கூடுதலாகச் சேர்த்து, நேரத்தையும் சற்று நீட்டிக்க வேண்டும்.

மின்கருவியை ஒருபோதும் நீரில் அமிழ்த்தக் கூடாது. செருகியைக் கழற்றி, முற்றிலும் ஆறியபின் ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஒட்டாப் பூச்சுள்ள தட்டில் இரும்புக் கரண்டி படலாகாது. மர அகப்பையே ஏற்றது. வார்ப்பிரும்பு அச்சு வைத்திருப்போர் தோசைக்கல்லைப் பழக்குவது போலவே எண்ணெய் தடவிக் காய்ச்சிப் பழக்க வேண்டும். முதல் இரண்டு வாஃபிள் சற்று ஒட்டினாலும் மூன்றாவது முழுதாகக் கழன்று வரும்.