முன்பணமா, கால் விலங்கா?

மழைக் காலத்தில்தான் மேஸ்திரி வருவார். அப்போதுதானே வீட்டில் அடுப்பு எரியாது!

"முன்பணம் வாங்கிக்கொள். சூளையில் கல் அறுத்துக் கழித்துவிடலாம்" என்பார்.

கணவனும் மனைவியும் போவார்கள். குழந்தைகளும் கூடவே போகும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வாரச் செலவுக்குக் கொஞ்சம் கையில் கொடுப்பார்கள். மீதி கடனில் கழியும். கணக்கு நோட்டு யாரிடம்? முதலாளியிடம்!

திடீர் மழை பெய்தால் பச்சைக் கல் கரைந்துவிடும். கடன் கரையாது.

அடையாளம் என்ன?

கடன் கொடுப்பது குற்றம் அல்ல. அதைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பதுதான் குற்றம்.

"கடன் தீரும் வரை வேறு வேலைக்குப் போகாதே." "ஊருக்குப் போவதானால் மனைவியை விட்டுவிட்டுப் போ." இப்படிச் சொன்னால் அது கொத்தடிமைதான். அடி, உதை, பூட்டு எதுவும் வேண்டியது இல்லை.

குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்தால் அதுவும் கட்டாய உழைப்பே என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது.

கடன் செல்லாது!

1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. கைநாட்டு வைத்த பத்திரமும் செல்லாது. பிடித்து வைத்தவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில். 2 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். (அபராதம் கொஞ்சம்தான்!)

கலெக்டரிடமோ, ஆர்.டி.ஓ.விடமோ புகார் கொடுக்கலாம். உறவினர் போய்ச் சொன்னாலும் போதும். விசாரணை நடத்தி, "விடுதலைச் சான்று" கொடுப்பார்கள். சர்க்கார் உதவிப் பணத்துக்கு அந்தத் தாள் வேண்டும். அதை வாங்காமலே, விட்டால் போதும் என்று பஸ் ஏறியவர்கள் உண்டு.