ஸ்டீரிங்கில் ஆட்டமா? லோடு வண்டியின் ‘டை ராடு எண்ட்’ தேய்ந்தால் என்ன ஆகும், எப்படி மாற்றுகிறார்கள்?

வீடு மாற்ற ஒரு லோடு வண்டியை புக் செய்து, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். ரோடு நேராகத்தான் போகும். ஆனால் டிரைவரின் கைகள் சும்மா இருக்காது. ஸ்டீரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருத்திக்கொண்டே வருவார். கேட்டால், “பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்” என்பார்.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பல வண்டிகளில் இதற்குக் காரணம் கைப்பிடிக்குள் அடங்கிவிடும் ஒரு மூட்டு. மெக்கானிக்குகள் அதை ‘டை ராடு எண்ட்’ என்பார்கள்.

2005-ல் டாடா ஏஸ் வந்து ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கிய பிறகு, ஊருக்கு ஊர் ஸ்டாண்டு போட்டு நிற்கும் சின்ன லோடு வண்டிகள் பெருகிவிட்டன. காய்கறி, கம்பி, சிமென்ட், பந்தல் சாமான் என எல்லாம் இதில்தான் போகிறது. பெரும்பாலும் டிரைவரே ஓனர். வண்டி ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் அன்றைய வாடகை போச்சு. ஆனால் மாத டியூ நிற்காது. “அண்ணே, ஸ்டீரிங் லேசா ஆடுது, இந்த டிரிப் முடிச்சிட்டு வந்து பாத்துக்கலாமா?” என்று மெக்கானிக்கிடம் கேட்பதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

இந்த மூட்டின் வேலை என்ன?

ஸ்டீரிங்கைத் திருப்பினால், அந்த அசைவு கியர் பாக்ஸ் வழியாக ஒரு கம்பிக்கு வந்து, கம்பி சக்கரத்தைத் திருப்புகிறது. அந்தக் கம்பிதான் டை ராடு. சக்கரம் பள்ளத்தில் இறங்கும், ஏறும், திரும்பும். கம்பியை சக்கரத்தோடு இறுக்கமாகப் பிணைத்துவிட்டால் இது எதுவும் நடக்காது. அதனால் நம் தோள்மூட்டு போல, ஒரு கிண்ணத்துக்குள் ஒரு இரும்பு உருண்டையை வைத்து, கிரீஸ் போட்டு, மேலே ரப்பர் பூட்டால் மூடியிருப்பார்கள்.

தேய்மானம் பெரும்பாலும் அந்த ரப்பரில்தான் ஆரம்பிக்கிறது. பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மழைத் தண்ணியும் மண்ணும் உள்ளே போகும். அதன்பிறகு உருண்டை சுழலும் ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். ஓவர்லோடும் குண்டும் குழியுமான ரோடும் சேர்ந்தால் இன்னும் வேகம். கிண்ணத்துக்கும் உருண்டைக்கும் நடுவில் இடைவெளி விழுகிறது. டிரைவர் கையில் உணரும் ‘ஆட்டம்’ அதுதான்.

கடைசிக் கட்டம் ஆபத்தானது. உருண்டை கிண்ணத்தை விட்டுக் கழன்றால், அந்தப் பக்கச் சக்கரத்துக்கும் ஸ்டீரிங்குக்கும் தொடர்பு அறுந்துவிடும். டிரைவர் திருப்புவார், சக்கரம் அதன் இஷ்டத்துக்குப் போகும். பிரேக் வேலை செய்யும், ஆனால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்பது யார் கையிலும் இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நேர் ரோட்டில் வண்டி அலைவது, மெதுவாகத் திருப்பும்போது ‘டக்... டக்...’ சத்தம், முன் டயர் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்வது ஆகியவை அறிகுறிகள். ஆனால் இவை வேறு கோளாறுக்கும் வரும். அதனால் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கடிகாரத்தில் 9 மணி, 3 மணி இருக்கும் இடங்களில் இரண்டு கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். அங்கே ஆட்டம் இருந்தால் சந்தேகம் டை ராடு மேல். 12 மணி, 6 மணி இடத்தில் ஆடினால் வீல் பேரிங், பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின். இரண்டு பக்கமும் ஆடினால் முதலில் பேரிங்கைப் பார்ப்பது நல்லது.

இதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. சக்கரம் தரையிலேயே இருக்க, ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் மூட்டின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். கம்பி நகர்ந்தும் சக்கரம் கொஞ்சம் தாமதமாக நகர்ந்தால், விஷயம் முடிந்தது. மூட்டை மாற்றியாக வேண்டும். “வெல்டிங் வெச்சுக்கலாம், வாஷர் போட்டு டைட் பண்ணிக்கலாம்” என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வருவதுதான் சரி. இந்த ஸ்பேரின் விலை ஒரு நல்ல டயரின் விலையைவிடக் குறைவு.

மாற்றும் வேலை

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்த பிறகே ஜாக்கி. தூக்கியதும் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடுவது, டை ராடு எண்ட் தேய்ந்ததைவிடப் பெரிய ஆபத்து.

சக்கரத்தைக் கழற்றி, மரையில் உள்ள மண்ணை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக ஆயில் விட்டு ஊற வைப்பார்கள். லாக் நட்டை கால் சுற்று மட்டும் இளக்கிவிட்டு, பழைய எண்ட் எந்த இடத்தில் நின்றது என்று மரையில் பெயிண்டால் ஒரு குறி போடுவார்கள். பிறகு ஸ்ப்ளிட் பின்னை உருவி, நட்டைத் தளர்த்துவார்கள். மூட்டு திடீரென்று கழன்று விழாமல் இருக்க, சில மரை அளவுக்கு நட்டை விட்டு வைப்பது அனுபவசாலிகள் பழக்கம்.

இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். மூட்டின் தண்டு ஆப்பு மாதிரி கூம்பாக உள்ளே இறங்கிப் பிடித்திருக்கும். தண்டின் மேல் சுத்தியலால் அடித்தால் மரைதான் நசுங்கும். புல்லர் போட வேண்டும். இல்லையென்றால் தண்டு உட்கார்ந்திருக்கும் துளையின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு. அந்த அதிர்ச்சியில் பிடி விட்டுவிடும்.

பழைய எண்டை எத்தனை சுற்றில் கழற்றினார்களோ, புதியதை அதே சுற்றுக்கு ஏற்ற வேண்டும். நீளமான ஒரே கம்பி இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் வண்டிகளில் ஒரு முனை இடது மரையாக இருக்கும். தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கி மல்லுக்கட்டுபவர்கள் உண்டு. கூம்புப் பகுதி சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும், அங்கே கிரீஸ் கூடாது. நட்டை மேனுவலில் சொன்ன டார்க் அளவுக்கு இறுக்கியும் பின் துளை நேராகவில்லை என்றால், இன்னும் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், பின்னால் இளக்கக் கூடாது. பழைய ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுவது சிக்கனம் அல்ல, முட்டாள்தனம்.

சுற்றுகளை எண்ணி மாட்டியதால் அலைன்மெண்ட் தேவையில்லை என்று நினைப்பது பொதுவான தவறு. அந்த எண்ணிக்கை, அலைன்மெண்ட் கடை வரை வண்டியை ஓட்டிப் போகத்தான். சக்கரங்களின் முன்பக்க இடைவெளியும் பின்பக்க இடைவெளியும் இருக்க வேண்டிய அளவிலிருந்து வெறும் 3 மில்லிமீட்டர் விலகினால்கூட, 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர்கள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டும் சேர்ந்து சுமார் 5 மீட்டர் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். புது டயர் சில மாதத்தில் மொட்டையாவது இப்படித்தான்.

எஃப்.சி. நேரத்தில் ஸ்டீரிங்கும் பார்க்கப்படும். 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒரு முறை, அதன்பிறகு ஆண்டுதோறும். ஆனால் நடுவில் பூட் கிழிந்தால் எஃப்.சி. தேதி வரை அது காத்திருக்காது. டயருக்குக் காற்று பிடிக்கும்போது குனிந்து ஒரு பார்வை பார்த்தாலே கிழிசல் தெரிந்துவிடும்.

அலைன்மெண்ட் முடிந்து வண்டி நேராகப் போகிறது, ஆனால் ஸ்டீரிங் வீல் மட்டும் கோணலாக நிற்கிறது என்றால், இரண்டு பக்கக் கம்பியையும் சமமாகத் திருத்தாமல் ஒரு பக்கத்தை மட்டும் திருகியிருக்கிறார்கள். அதே கடைக்குத் திரும்பிப் போய், “அண்ணே, சென்டர் வரல, இன்னொரு தடவை பாருங்க” என்று தயங்காமல் கேட்கலாம்.