எரிபொருளின் விலையும் ஏரிக்கரை மக்களும்

தமிழகத்தின் வட எல்லையில் ஆந்திரத்தை ஒட்டி அமைந்த ஊர் ஆரம்பாக்கம். அதற்குக் கிழக்கே விரிந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. இப்பகுதி மீனவர் பலருக்கு வலையைப் போலவே எரிபொருளும் இன்று தொழிற்கருவியாகிவிட்டது. துடுப்பும் பாயும் ஆற்றிய பணியை இயந்திரம் ஏற்றதன் விளைவு இது. எனவே, எரிபொருளின் மீது கரிம வரி விதிக்கலாமா என்னும் வினா இவர்தம் அடுப்பங்கரை வரை எட்டுகிறது.

கரிம வரி யாது?

எரிபொருள் எரிவதால் எழும் கரியமில வாயு புவியை வெப்பமாக்குகிறது. அத்தீங்கின் மதிப்பை விலையிலேயே சேர்த்தால் மக்கள் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவர் என்பது பொருளியலார் கருத்து. பின்லாந்து 1990இலும் சுவீடன் 1991இலும் இவ்வரியை விதித்தன. ஆனால் உழைப்போரின் எரிபொருளுக்கு வரி என்றவுடன் பூசல் எழுவது இயல்பு. கனடா 2019இல் எரிபொருட்களுக்குக் கரிமக் கட்டணம் விதித்தபோது உழவர்தம் டீசலுக்கு விலக்களித்தது. தானியம் உலர்த்தும் எரிவாயுவுக்கும் விலக்கு வேண்டுமென்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் நெடிய விவாதம் நடந்தது. இறுதியில் 2025 ஏப்ரலில் நுகர்வோர் கட்டணமே கைவிடப்பட்டது.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் 2010இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தித் தீர்வை விதிக்கப்பட்டது. 2016இல் அது 400 ரூபாயாயிற்று. டீசலுக்குக் கரிம வரி என்னும் பெயரில் வரியில்லை. எனினும் கலால் வரியும் விற்பனை வரியும் விலையை உயர்த்துவதால் ஏறத்தாழ அதே பயனை விளைவிக்கின்றன. மீன்பிடிப் படகுகளுக்குத் தமிழக அரசு விற்பனை வரி நீக்கிய டீசலை வழங்குகிறது. ஆண்டொன்றுக்கு விசைப்படகுக்கு 18,000 லிட்டர், இயந்திர நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் என்றிருந்த அளவை முறையே 19,000, 4,400 லிட்டராக உயர்த்துவதாக 2023இல் அறிவிக்கப்பட்டது.

இச்சலுகை எரிபொருள் விரயத்திற்கும் மிகைமீன்பிடிப்புக்கும் வழிகோலும் என்பர் ஒரு சாரார். புவி வெப்பத்திற்குப் பெரிதும் காரணமான செல்வ நாடுகள் இருக்க, ஏழை மீனவர் ஏன் விலை தர வேண்டும் என்பர் மறு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு.

ஒரு கணக்கு

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளிப்படும். டன்னுக்கு 1,000 ரூபாய் வரி எனக் கொள்வோம். லிட்டருக்கு 2 ரூபாய் 70 காசு கூடும். மேற்கூறிய அளவுகளின்படி நாட்டுப்படகுக்கு ஆண்டுச் சுமை ஏறத்தாழ 12,000 ரூபாய். விசைப்படகுக்கு 51,000 ரூபாய். விலக்களித்தாலோ, மிகுதியாக எரிப்பவருக்கே மிகுதியான நன்மை. கோலூன்றிப் படகு செலுத்துபவருக்கும் ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவும் பெண்களுக்கும் அவ்விலக்கால் ஒரு காசும் இல்லை. கடல்மட்ட உயர்வும் புயலும் முதலில் தாக்குவதோ இவர்களைத்தான்.

ஆதலின், வரி வேண்டுமா வேண்டாமா என்பதோடு வழக்கு முடிவதில்லை. திரட்டிய பணம் யாரிடம் திரும்புகிறது என்பதே தலையாய வினா. லிட்டர் கணக்கில் அன்றிக் குடும்பக் கணக்கில் அது சமமாகத் திரும்புமாயின், குறைவாக எரிப்பவர் கொடுத்ததைவிட மிகுதியாகப் பெறுவர். அவ்வுறுதி முன்னதாகக் கிட்டாதவரை, வரியென்றால் மீனவர் அஞ்சுவது அறியாமையன்று, பட்டறிவே எனலாம்.