படப்பையும் அட்டிலும்

மனிதர்க்கு உள்ளதுபோல் சொற்களுக்கும் வாழ்வும் தாழ்வும் உண்டு. சங்கச் சான்றோர் வீட்டை ஒட்டிய தோட்டத்தைப் ‘படப்பை’ என்றனர். சமைக்கும் இடத்தை ‘அட்டில்’ என்றனர். சமைத்துண்ணும் இலைக்கறியை ‘அடகு’ என்றனர். இன்று படப்பை என்றால் சென்னைக்கு அருகிலுள்ள ஓர் ஊரே நினைவுக்கு வருகிறது. அட்டில் அகராதிக்குள் அடங்கிவிட்டது. அடகு என்றாலோ நகையை ஈடாக வைத்துக் கடன் பெறுவது என்பதே பொருள். கீரையைக் குறித்த சொல் கடனைக் குறிக்கும் சொல்லாக மட்டும் எஞ்சியுள்ளது. சொல் போனதைவிடச் சொல் குறித்த பழக்கமும் போய்க்கொண்டிருப்பதே நாம் கருத வேண்டுவதாகும்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு வறிய பாணர் இல்லத்தைக் காட்டுகிறார். கூரை இற்ற அட்டில். பசியால் மெலிந்த சுற்றம். அவ்வீட்டுப் பெண் குப்பையில் தானே முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இல்லாமல் வேகவைக்கிறாள். பிறர் கண்டால் இகழ்வரே என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு பகிர்ந்து உண்கிறாள். உப்பில்லாமல் வெந்த அக்கீரையைக் குறிக்கப் புலவர் ஆளும் சொல் ‘உப்பிலி’ என்பதாகும். கொல்லிமலைக்கு உரியவனாகிய ஓரி உள்ளிட்ட வள்ளல்கள் எழுவரையும் போற்றுவது இதே நூல்தான்.

அந்தக் கொல்லிமலையும் பச்சைமலையும் இருபுறமும் காவல் நிற்க, துறையூர் வட்டத்தில் அமைந்திருப்பது உப்பிலியபுரம். பேரூராட்சியாகவும் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாகவும் விளங்கும் இவ்வூரின் பெயரைக் கேட்கும் தமிழ் மாணவர்க்கு அப்பாட்டின் சொல் நினைவில் எழுதல் இயல்பே. நெல்லும் சின்ன வெங்காயமும் மரவள்ளியும் விளையும் வட்டாரம் இது. ஆயினும், இத்தகைய விளைநிலச் சிற்றூர்களிலும் வீட்டின் பின்புறம் வெறுமையாகக் கிடக்க, கறிவேப்பிலை முதல் சாம்பார்ப் பொடி வரை கடையிலிருந்து வரும் நிலையை இன்று காண்கிறோம். கொல்லைக் கீரை ஏழையின் உணவு, விலைகொடுத்து வாங்கியதே மதிப்புக்குரியது என்னும் எண்ணம் நம்மிடையே உள்ளது. பாணர் மகள் அடைத்த கதவு இன்னும் முழுதும் திறக்கவில்லை.

இந்த நாணத்திற்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று. 2019–21இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். பாதிக்கு மேற்பட்ட தாய்மாரும் தமக்கையரும் இரத்தக் குறைவோடுதான் நமக்குச் சோறு படைக்கின்றனர். இதற்குக் காரணங்கள் பலவாயினும், தட்டில் சோறு நிறைந்து கீரையும் காயும் குறைந்திருப்பது முதன்மையான ஒன்று. நாளொன்றுக்கு ஒருவர் 400 கிராம் அளவேனும் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் வீடுகளில் இதனை நிறுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

செய்து பார்த்தல் என்னும் கல்வி

வீட்டுத் தோட்டம் புதிய கருத்தன்று. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்து மக்கள் பூந்தோட்டங்களையும் புல்வெளிகளையும் கொத்திக் காய்கறி விளைவித்தனர். அக்காலத்திலேயே இந்தியாவிலும் உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கம் தொடங்கப்பட்டது. அண்மையில், 2013–14ஆம் ஆண்டில் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை, மாடித் தோட்டம் அமைப்பதற்கான பொருள்களை ஒரு தொகுப்பாக்கிச் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் வழங்கியது. அதற்கு இடப்பட்ட பெயர் ‘நீங்களே செய்து பாருங்கள்’ தளை என்பதாகும். 2021இல் ‘முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம்’ தொடங்கப்பட்டுச் சிற்றூர் இல்லங்களுக்கு 12 வகைக் காய்கறி விதைகள் அடங்கிய தளைகள் வழங்கப்பட்டன.

தோட்டமும் சமையலும் கேட்டு அறிவன அல்ல, செய்து அறிவன. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் திருச்சிராப்பள்ளிக் காந்தி சந்தை அடைக்கப்பட்டு, வணிகம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்திற்கு மாற்றப்பட்ட நாள்களில், கொல்லையில் ஒரு முருங்கையும் இரண்டு கத்தரிச் செடியும் வைத்திருந்தவர்க்குச் செய்து பார்த்ததன் பயன் தெரிந்திருக்கும்.

படப்பை அமைக்கும் முறை

ஐந்து சென்ட் நிலம், அஃதாவது ஏறத்தாழ 200 சதுர மீட்டர் இருப்பின், ஒரு சிறு குடும்பத்தின் காய்கறித் தேவையைப் பெரிதும் நிறைவு செய்யலாம். ஆயினும் தொடங்குவோர் அவ்வளவுக்கு ஆசைப்படலாகாது. பத்தடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட இரண்டு பாத்திகளே முதலாண்டுக்குப் போதும். மூன்றடி அகலம் என்பதற்குக் காரணம் உண்டு: பாத்திக்குள் கால் வையாமல் இருபுறமும் நின்று களை எடுக்கலாம், மிதிபடாத மண் இறுகாது. நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடமே ஏற்றது.

மண்ணைப் பண்படுத்தும் முறைக்கு வள்ளுவரே ஆசான். உழவு அதிகாரத்தில், ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் செழிக்கும் என்கிறார். கொத்திய மண்ணை ஒரு வாரமேனும் வெயிலில் காயவிட்டால் களைகளின் வேரும் மண்ணிலுள்ள புழுக்களும் பெரிதும் அழியும். பின்னர் மக்கிய தொழுவுரம் இடலாம். களிமண்ணாயின் சிறிது மணலும், மணற்பாங்காயின் கூடுதலாகத் தொழுவுரமும் சேர்த்தல் நன்று. நீர் பாய்ச்சுவதினும் காவல் நன்று என்றும் அவர் கூறுவார். வெள்ளாடும் கோழியும் உலவும் நம் ஊர்களில் வேலியில்லாத பாத்தி ஒரு காலைப்பொழுதில் காணாமற்போகும்.

திருச்சி மாவட்டத்திற்கு மிகுதியான மழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழிப்படி ஆடியில் வெண்டை, கத்தரி, அவரை, புடலை, பாகல் ஆகியவற்றைத் தொடங்கினால், அம்மழை வருமுன் செடிகள் வேரூன்றிவிடும். தக்காளியையும் கத்தரியையும் மிளகாயையும் முதலில் நாற்றாக வளர்த்து, ஏறத்தாழ ஒரு மாதம் ஆனபின் மாலை வேளையில் பிடுங்கி நடவேண்டும். வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து நேரடியாக ஊன்றினால் 45 நாள்களில் காய் பறிக்கலாம்.

முதல் முயற்சிக்கு ஏற்றது முளைக்கீரையே. விதை மிகச் சிறியது. ஆதலின் மெல்லிய மணலோடு கலந்து தூவிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். குடத்து நீரைக் கொட்டினால் விதை ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். தூவிய விதையை எறும்பு இழுத்துச் செல்வது பலருக்கும் நேரும் முதல் ஏமாற்றம். சிறிது சாம்பலைக் கலந்து தூவினால் அத்தொல்லை குறையும். நான்கு வாரங்களுக்குள் கீரை கைக்கு வரும். ஒரே நாளில் பாத்தி முழுவதும் விதையாமல், நான்கு பகுதியாக்கி வாரம் ஒன்றாக விதைப்பின் தொடர்ந்து கீரை கிடைக்கும்.

தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகிய மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே வகை நோயும் பூச்சியும் இவற்றைத் தாக்கும். ஆகவே இவற்றை ஒரே பாத்தியில் அடுத்தடுத்துப் பயிரிடலாகாது. இடையில் அவரை, கொத்தவரை போன்றவற்றை விதைத்தால், அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். வேலி ஓரத்தில் ஒரு முருங்கை வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை, விதைத்த ஆறு மாதங்களில் காய்க்கத் தொடங்குவது. அடுக்களைக் கழிவுநீர் செல்லும் இடத்தில் வாழையும் சேம்பும் வைக்கலாம். சோப்பு நீரைக் கீரைப் பாத்திக்கு விடலாகாது. பூச்சி கண்டால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளித்தல் போதும்.

அட்டிலில் அறிய வேண்டியவை

பாடுபட்டு விளைவித்ததை அடுப்பில் இழப்பதும் உண்டு. கீரையை நறுக்கியபின் கழுவினால் நீரில் கரையும் சத்துகள் நீரோடு போகும், கழுவியபின் நறுக்கவேண்டும். மிகுந்த நீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுவதும் அத்தகைய இழப்பே. முருங்கைக் கீரையில் உள்ள, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பொருள் கொழுப்பில் கரைவது. ஆதலின் சிறிது எண்ணெயோ தேங்காயோ சேர்த்துச் சமைத்தல் பயன்தரும். கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சை, நெல்லி, தக்காளி ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி அதனை ஏற்க உதவும். அச்சத்து வெப்பத்தில் அழிவதால், எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிவதே முறை. உண்டவுடன் தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து ஏற்கப்படுவது குறையும்; ஒரு மணி நேரம் பொறுத்தல் நலம். குருதிச்சோகை முற்றியவர்க்குக் கீரை மட்டுமே மருந்தாகாது. மருத்துவர் தரும் மாத்திரையும் வேண்டும்.

பச்சைமலைப் பகுதியின் மரவள்ளிக் கிழங்கு சமைக்கும் அறிவின் இன்றியமையாமையை நன்கு உணர்த்தும். அக்கிழங்கில் நச்சுத்தன்மையுள்ள சயனைடை உண்டாக்கும் பொருள் இயற்கையாகவே உண்டு. அதனைப் பச்சையாக உண்ணலாகாது. தோலை முழுதும் நீக்கி, சிறு துண்டுகளாக்கி, நிறைந்த நீரில் மூடாமல் வேகவைத்து, அந்நீரைக் கட்டாயம் வடித்துவிட வேண்டும். கீரை வெந்த நீரைக் கொட்டலாகாது. கிழங்கு வெந்த நீரை வைத்துக்கொள்ளலாகாது. இரண்டையும் பிரித்தறிவதே சமையற்கலை.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. கடையில் வாங்கும் ஊறுகாயிலும் நொறுக்குத் தீனியிலும் எவ்வளவு உப்பு உள்ளது என்பதை நாவு சொல்வதில்லை. வீட்டில் சமைப்பவர் கையில்தான் அந்த அளவு இருக்கிறது. உப்பின்றி உண்டது பாணர் குடும்பத்தின் வறுமை. உப்பைக் குறைத்து உண்பது நம் அறிவுடைமை.

மிகுதியாக விளைந்தால் வீணாக்க வேண்டுவதில்லை. கொத்தவரை, பாகல், சுண்டை, மணத்தக்காளி ஆகியவற்றை மோரிலும் உப்பிலும் ஊறவைத்து வெயிலில் உலர்த்தி வற்றலாக்குவது நம் முன்னோர் கண்ட சேமிப்பு முறை. வற்றலில் உப்பு மிகுமாதலால் குழம்பில் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

யார் செய்வது?

‘தோட்டம் தாத்தாவின் வேலை, சமையல் அம்மாவின் வேலை’ என்று விலகி நிற்கும் மாணவர் பலர். சிறந்த சமையலுக்கு ‘நளபாகம்’, ‘வீமபாகம்’ என ஆண்மக்கள் இருவர் பெயரால் பெயரிட்ட சமுதாயம் நம்முடையது. அடுப்பை அணுகுவது ஆண்மைக்கு இழுக்கு என்னும் கருத்து எங்கிருந்து வந்தது? விடுதியிலும் வெளிநாட்டிலும் தனித்து வாழப்போகும் இளைஞர், மூன்று கறிகளேனும் தாமே சமைக்கக் கற்றல் தன்மானத்திற்குரிய கல்வியாகும். வீட்டுப் பெண்ணின் சுமையைக் கூட்டுகின்ற தோட்டம் நெடுநாள் நிலைக்காது. நீர் விடுவது ஒருவர், களை எடுப்பது ஒருவர், கீரை ஆய்வது ஒருவர் எனப் பகிர்ந்தால்தான் படப்பை நிலைபெறும்.

சமுதாயப் பெரியோர்க்கும் இதில் பங்குண்டு. ரமலான் மாலைகளில் நம் ஊர்களில் நோன்புக் கஞ்சியின் மணத்தைக் கூட்டுவன புதினாவும் கொத்தமல்லியுமே. சந்தையில் வாங்கிய புதினாவில் இலையை ஆய்ந்தபின் எறியும் தண்டை ஈரமண்ணில் ஊன்றினால் இரண்டு வாரங்களுக்குள் வேர் பிடித்துத் தளிர்க்கும். நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னோக்கி வருவதால், கோடையில் வரும் ஆண்டில் நிழலிலும் மழைக்காலத்தில் வரும் ஆண்டில் நீர் தேங்காத மேட்டிலும் அதனை வளர்க்கவேண்டும். பள்ளிவாசல் வளாகத்திலும் கல்லூரி விடுதியின் பின்புறத்திலும் இத்தகைய பாத்தி ஒன்று இருப்பின், அது பலருக்கும் பாடமாக அமையும்.

முதல் பாத்தி பொய்க்கலாம். முதல் கூட்டு அடிபிடிக்கலாம். அவற்றைத் தோல்வி என எண்ணாமல், விதைத்த நாளையும் பறித்த நாளையும் கெட்டதற்கான காரணத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்போர்க்கு அடுத்த பருவம் எளிதாகும். நன்கு விளைந்த செடியில் ஒரு காயை முற்றவிட்டு விதை எடுத்து வைப்பின், மறு ஆண்டு விதைக்குக் கடையை நாட வேண்டா. வீரிய ஒட்டு விதைகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றின் வழித்தோன்றல் தாயைப்போல் அமைவதில்லை.

அன்று பாணர் மகள் வறுமைக்கு நாணிக் கதவை அடைத்தாள். அந்நிலையிலும் சுற்றத்தாரை விட்டுத் தான்மட்டும் உண்டாளில்லை. நாம் பெற வேண்டியது அவளது பகிர்வை. விட வேண்டியது அவளது நாணத்தை. தம் கொல்லையில் பறித்த கீரையை ஒருவர் கதவைத் திறந்துவைத்து விருந்தினர்க்கும் மகிழ்வோடு பரிமாறும் நாளில், ‘அடகு’ என்னும் சொல் அதன் பழம்பொருளைப் பெறாவிடினும், அச்சொல் குறித்த வாழ்வு நம் இல்லங்களுக்குத் திரும்பிவிடும். வரும் ஆடியில் ஒரு பாத்தியேனும் தொடங்குவோம்.