தானியங்கிக் கியர் தடுமாறினால்...
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

பாஸ்கல் விதியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். அந்த விதி ஒருவருடைய பிழைப்போடு சம்பந்தப்பட்டிருக்கக் கூடும் என்பதை நான் சென்ற வைகாசி மாதத்தில்தான் கண்டுகொண்டேன்.

என் தந்தையார் கார் மெக்கானிக். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் ஷெட்டுக்கு 1990-களில் செய்யப்பட்ட வெளிநாட்டுக் கார் ஒன்று வந்தது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் வண்டி. சொந்தக்காரருக்கு வேறு வருமானம் கிடையாது. நெம்புகோலை 'டி'யில் போட்டாலே வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும்; மாப்பிள்ளையின் மாலை நழுவும். சாலையில் போனாலோ, எஞ்சின் அலறிய பிறகே அடுத்த கியர் 'டக்'கென்று விழும். வேறொரு ஒர்க்‌ஷாப்பில், கியர் பெட்டியையே மாற்ற வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். மனிதர் வாடிப்போய் வந்திருந்தார்.

காரோட்டியின் கையுதவி இல்லாமல் கியர் எப்படி மாறுகிறது? ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905-இல் திரவத்தின் மூலம் சுழற்சியைக் கடத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். அது கப்பல்களுக்காகச் செய்தது. பிறகு அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் 'ஹைட்ராமேட்டிக்' என்ற தானியங்கிக் கியர் விற்பனைக்கு வந்தது. பெட்டிக்குள் இருப்பது ஒரு சிறு சூரிய மண்டலம்: நடுவில் சூரியப் பல்சக்கரம், சுற்றிலும் கோள் பல்சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். இவற்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதைப் பொறுத்து கியர் அமையும். பிடிக்கும் வேலையைக் கிளட்ச் தட்டுகளும் பட்டைகளும் செய்கின்றன. அவற்றை அழுத்துவது ஆயில்.

எப்போது மாற்றுவது என்பதில்தான் அழகு இருக்கிறது. கணினி இல்லாத பழைய பெட்டியில் ஒரு சிறு வால்வின் இரு முனைகளிலும் ஆயில் அழுத்துகிறது. ஒரு பக்கம் வண்டியின் வேகத்தால் வரும் அழுத்தம். மறுபக்கம் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதால் வரும் அழுத்தம். கயிறு இழுக்கும் போட்டி போலத்தான். வேகத்தின் பக்கம் வென்றால் வால்வு நகரும், மேல் கியர் விழும்.

எனவே நோயைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது ஆயில்தான். வண்டியைச் சற்று ஓட்டிச் சூடேற்றி, பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அளவுகோல் கம்பியை எடுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டால் போதும். சிவப்பாக இருந்தால் நலம். கறுத்துத் தீய்ந்த நாற்றம் அடித்தால் கிளட்ச் தட்டுகள் கருகியிருக்கின்றன. பால் கலந்தது போலிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. ஆயில் குறைந்தால் கியர் வழுக்கும் என்பது எவருக்கும் தெரியும். கூடினாலும் வழுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அதிகப்படியான ஆயிலைச் சக்கரங்கள் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்று உண்டு, காற்று அமுங்கும். பிறகு அழுத்தம் எங்கிருந்து நிற்கும்? (இந்த ஆயிலில் ஒரு காலத்தில் திமிங்கில எண்ணெயைக் கலந்தார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்கா 1970-களில் அதைத் தடுத்த பிறகே மாற்றுப் பொருள் தேடினார்கள்.)

அடுத்து, கோளாறு எந்தக் கியரில் என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு மாற்றத்தில் மட்டும் எஞ்சின் வீணாக உறுமினால், அந்தக் கியருக்குரிய கிளட்சோ பட்டையோ வால்வோ பழுது. சூடேறிய பிறகு மட்டும் வழுக்கினால், இளகிய ஆயில் தேய்ந்த சீல்கள் வழியே கசிகிறது என்று சந்தேகிக்கலாம். எல்லா மாற்றங்களும் ஒரே மாதிரி தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் இருந்தால்? எல்லாத் தட்டுகளும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா? அப்போது அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைத்தான் தேட வேண்டும்.

அப்பா இதையெல்லாம் விதியாகச் சொல்லவில்லை. ஆயிலை முகர்ந்தார். "பழுப்பு ஏறியிருக்கு, ஆனா தீயலைடா" என்றார். பிறகு வந்தவரிடம், "இது என்னிக்கிலேருந்து இப்படி இருக்குண்ணே?" என்று கேட்டார். எஞ்சின் ஐடிலில் நிற்கவில்லை என்று எங்கோ த்ராட்டிலைக் கழற்றிச் சுத்தம் செய்தார்களாம். அதற்கு மறுநாளிலிருந்து உதறல்.

த்ராட்டிலிலிருந்து கியர் பெட்டிக்கு ஒரு கேபிள் போகிறது. மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான். அந்தக் காரின் கையேட்டின்படி, மிதியை முழுவதும் அழுத்திய நிலையில் கேபிளில் உள்ள சிறு தடைக்கும் உறையின் முனைக்கும் இடைவெளி 0 முதல் 1 மில்லிமீட்டர் வரைதான் இருக்கலாம். நான் உள்ளே உட்கார்ந்து மிதித்தேன், அப்பா அளந்தார். நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது! திரும்ப மாட்டியவர்கள் கேபிளை இழுத்துக் கட்டிவிட்டார்கள். லேசாக மிதித்தாலும் பலமாக மிதித்ததாகவே பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறது. கயிற்றுப் போட்டியில் ஒரு பக்கத்துக்குக் கூடுதலாக ஆள் சேர்த்தாயிற்று. வேகம் வெல்லத் தாமதமாகாமல் என்ன செய்யும்? மூல அழுத்தமும் கூடவே ஏறுவதால் 'டி'யில் போட்டதும் கிளட்ச் அறைகிறது.

இரண்டு நட்டுகளைத் தளர்த்தி இறுக்க இருபது நிமிடம் ஆயிற்று. நெடுஞ்சாலை வரை ஓட்டிப் பார்த்தோம். கியர் மாறுவதே தெரியவில்லை. வண்டிக்காரர் ஒன்றும் பேசாமல் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே வந்தார். "இங்கே பாஸ்கல் விதிதான் வேலை செய்யுதுப்பா" என்றேன். "அவர் எந்த ஷெட்டு?" என்று கேட்டார் அப்பா.

ஆயிலையும் மாற்றித்தான் ஆக வேண்டும். ஊர்வலத்தில் மணிக்கணக்கில் ஊர்ந்தால், டார்க் கன்வர்ட்டருக்குள் ஆயில் வழுக்கிக்கொண்டே சூடேறும். பழுப்பு நிறம் அதனால் வந்தது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, அப்போது வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.